சிமென்ட் கல் சுற்றுச்சுவர்: வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதிலிருந்து விரிசல் சரிசெய்வது வரை

வீடு கட்டும்போது பொறியாளர், வரைபடம், மண் சோதனை எல்லாம் வீட்டுக்கு மட்டும்தான் நடக்கிறது. சுற்றுச்சுவர் என்று வந்துவிட்டால் மிச்சம் கிடக்கும் கல், மிச்சம் கிடக்கும் மணல், அன்றைக்குக் கிடைத்த ஆள், "ரெண்டடி தோண்டி ஏத்திடலாம் சார்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அடுத்தடுத்த மழைக்காலங்களில் அந்தச் சுவர் வெடித்து, சாய்ந்து, கடைசியில் தெருவில் போகிறவர்களுக்கு ஆபத்தாக நிற்கும். 2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன் மேட்டுப்பாளையம் நடூரில், பெருமழையில் ஊறிய ஒரு தனியார் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்துபோனார்கள். அது கருங்கல் சுவர்; ஆனால் உயரமான சுவரும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எந்தக் கல்லுக்கும் பொருந்தும்.

சிமென்ட் கல், அதாவது ஹாலோ பிளாக் (உள்ளே பொந்துள்ளது), சாலிட் பிளாக் (பொந்தில்லாதது) வைத்து சுற்றுச்சுவர் கட்டுவதையும் கட்டியது கெட்டுப்போனால் சரிசெய்வதையும் இங்கே முழுதாகச் சொல்கிறேன். செங்கல் வேலையில் கை பழகிய கொத்தனார் அதே பழக்கத்தைச் சிமென்ட் கல்லிலும் காட்டுவதால் வரும் சேதம் நிறைய. அதனால் ஆளை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

மண்ணைப் பார்க்காமல் நூல் பிடிக்காதீர்கள்

சுவர் போகும் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நான்கடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். செம்மண்ணோ சரளையோ கடப்பாரைக்கு எதிர்த்து நின்றால் கவலை இல்லை. குப்பை, கட்டட இடிபாடு, பழைய கிணற்றை மூடிய மண் என்று வந்தால் அது தீரும்வரை தோண்டியே ஆக வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள், மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் அதில் களி அதிகம் என்று அர்த்தம்.

கரிசல் மண்தான் பெரிய விஷயம். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் பக்கம், கோவையின் சில பகுதிகள், இங்கெல்லாம் கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் அதே மண் ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பி மேலே வரும். வீடு கனமாக இருப்பதால் ஓரளவு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுற்றுச்சுவர் லேசானது, மண் அதைத் தூக்கிவிட்டுக் கோடையில் கீழே விட்டுவிடும். ஆகவே வீட்டை விட சுவருக்குத்தான் கரிசலில் கடைக்கால் (அஸ்திவாரம்) யோசித்துப் போட வேண்டும், நடப்பதோ தலைகீழ்.

இந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை இருக்கும் என்பதால்தான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் விட்ட பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியது. கையால் சுழற்றி மண்ணைத் துளைக்கும் ஆகரால் 12 அங்குல விட்டத்தில் குழி எடுத்து, அடியில் அதை இரண்டரை மடங்காக, அதாவது 30 அங்குலமாக அகலப்படுத்தி, கம்பிக்கூடு இறக்கி கான்கிரீட் போடுவார்கள். ஆழமான கரிசலில் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். கரிசல் நாலைந்து அடியில் முடிந்து கீழே சுக்கான் பாறையோ சரளையோ வந்துவிட்டால் பைல் வேண்டாம், அதுவரை தூண் குழியை இறக்கினால் போதும்.

வானமும் தூண் குழியும்

முளை அடித்து நூல் பிடியுங்கள். மூலைக்கு 3-4-5 கணக்கு: ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து குறித்தால் குறுக்கே சரியாக ஐந்தடி வர வேண்டும். மட்டத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும், குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல்லைச் சர்வேயரை வைத்து அளந்த பிறகு, கடைக்காலின் அகலம் முழுவதும் உங்கள் நிலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். பலர் சுவரின் வெளிமுகத்தை எல்லைக்கு நேராக வைத்துவிட்டு அடியில் கான்கிரீட் பக்கத்து நிலத்துக்குள் நீண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

ஐந்தடி உயரச் சுவருக்கு நான் நம்பும் அமைப்பு இது. பத்தடிக்கு ஒரு தூண், தூணுக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி, செம்மண்ணில் நாலடி ஆழம். குழி அடியை நனைத்து நன்றாக இடித்து, 4 அங்குலத்துக்கு 1:4:8 பிசிசி (சிமென்ட், மணல், ஜல்லி கலந்த, கம்பி இல்லாத கான்கிரீட்). அதன் மேல் 10 மி.மீ. கம்பி 6 அங்குல இடைவெளியில் இரு பக்கமும் பின்னிய ஜாலி, கீழே 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பி தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டி). தூணுக்கு 9 அங்குலச் சதுரம், 12 மி.மீ. கம்பி நான்கு, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங், கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்த மூடாக்கு குறைந்த தூண்தான் பின்னால் துரு பிடித்து வெடிக்கிறது. கவர் பிளாக்கை ஜல்லித் துண்டால் ஒப்பேற்ற விடாதீர்கள்.

கான்கிரீட் 1:1½:3. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 முதல் 27 லிட்டர். எம்-சாண்ட் ஈரமாக வந்திருந்தால் இன்னும் குறையும். ஊற்றினால் ஓட வேண்டும் என்று ஆட்கள் ஆசைப்படுவார்கள், குத்திவிட சோம்பல்தான் காரணம். கடற்கரையோரம் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கவே கூடாது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 வைத்திருக்கும் வரம்பு. சந்தேகம் இருந்தால் லேபில் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் நல்ல தண்ணீர் லாரி வாங்குங்கள்.

தூண்களை இணைத்துத் தரைமட்டத்தில் 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் பெல்ட் (கம்பி போட்ட கான்கிரீட் உத்தரம்), 10 மி.மீ. கம்பி நான்கு. சுவரின் கனம் முழுக்க இந்த பெல்ட் மேல்தான் உட்காரும், ஈரம் மேலே ஏறாமல் தடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. கரிசலில் பெல்ட்டுக்கு அடியில் 3 அங்குலம் காலியிடம் கட்டாயம்: மணல் படுக்கை மேல் பெல்ட் போட்டு, கெட்டியான பிறகு அந்த மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண் சரிந்து அடைக்காமல் இருபுறமும் கடப்பா கல் துண்டுகளை நிறுத்திவிடுங்கள். மண் உப்பினால் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளட்டும். கரிசலில் தோண்டிய மண்ணையே திருப்பிக் குழியில் போடுவதும் தப்பு, கிராவல் வாங்கி நிரப்புங்கள்.

தண்ணீர் விடுவது: இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (போர்ட்லாண்ட் பொசலானா) சிமென்ட், அதற்குக் குறைந்தது பத்து நாள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைத்து வையுங்கள்.

கல் வாங்கும்போது

சிமென்ட் கல்லுக்கான தரநிலை ஐஎஸ் 2185 அளவில் கல் 390 மி.மீ. நீளம், 190 உயரம், 10 மி.மீ. சந்து (இரண்டு கல்லுக்கு நடுவே கலவை நிரம்பும் இடம்) சேர்த்தால் 400-க்கு 200. ஊர்ப்பக்கம் இதை 16-க்கு 8 என்று சொல்லி, கனத்தை வைத்து 4, 6, 8 அங்குலக் கல் என்று விற்கிறார்கள். நூறு சதுர அடிக்குச் சுமார் 115 கல் ஆகும், உடைசலுக்கும் சேர்த்து 120 எடுங்கள். எல்லைச் சுவருக்கு 4 அங்குலக் கல் வேண்டவே வேண்டாம். 6 அங்குல சாலிட் அல்லது 8 அங்குல ஹாலோ. ஹாலோ எடுத்தாலும் முதல் இரண்டு வரிசையை சாலிட்டாகவே வையுங்கள், வண்டி இடிப்பதும் மழைச் சேறு தெறிப்பதும் அங்கேதான்.

கல் போட்டு எத்தனை நாள் ஆச்சு என்பதுதான் விலையை விட முக்கியமான கேள்வி. குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஆறி, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிழலில் காய்ந்திருக்க வேண்டும். சிமென்ட் கல் காயக்காயச் சுருங்கும். அந்தச் சுருக்கம் களத்திலேயே முடிந்துவிட்டால் நல்லது, முடியாவிட்டால் உங்கள் சுவரில் வந்து முடியும், விரிசலாக. அவசர ஆர்டர் என்று நேற்று அச்சிலிருந்து எடுத்த கல்லை ஏற்றி அனுப்புவார்கள். அந்தக் கல் கறுப்பாக, ஈரம் காயாமல் இருக்கும், விளிம்பு நகத்தாலேயே உதிரும். திருப்பி அனுப்புங்கள்.

இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் தூளாகக் கூடாது. ஒரு கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, அதாவது 22 கிலோ கல் 24.2 கிலோவைத் தாண்டக் கூடாது.

கட்டுவது

இங்கேதான் செங்கல் பழக்கம் குறுக்கே வரும். செங்கல்லை ஊறவைக்காமல் கட்டக் கூடாது, சிமென்ட் கல்லை ஊறவைத்துக் கட்டக் கூடாது. ஊறினால் கல் லேசாகப் பெருக்கும், அப்படியே சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கி சந்து சந்தாக விடும். வெயில் கடுமையாக இருந்தால் கலவை படும் முகத்தை மட்டும் ஈரத் துணியாலோ பிரஷாலோ தடவுங்கள், அது போதும். மழைக்காலத்தில் கல் அட்டியைத் தார்பாய் போட்டு மூடி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கலவை 1:6, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். "கொஞ்சம் சிமென்ட் கூடப் போட்டா உறுதியா இருக்கும்ல" என்று வீட்டுக்காரரே சொல்வார். 1:3 போட்டால் கலவை கல்லை விடக் கெட்டியாகிவிடும். அசைவு வரும்போது சந்து விட்டுக்கொடுக்காமல் கல் நடுவில் பிளக்கும். சந்தில் வரும் விரிசலைச் சரிசெய்யலாம், கல் பிளந்தால் கல்லையே மாற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறுவதைப் பார்த்தால் அந்தச் சட்டியைக் கொட்டச் சொல்லுங்கள்.

முதலில் கலவை இல்லாமல் ஒரு வரிசையை வெறுமனே அடுக்கிப் பாருங்கள், எங்கே கல் வெட்ட வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடும். அப்புறம் இரு முனையிலும் கல் வைத்து, நூல் பிடித்து நடுவே நிரப்புங்கள். ஹாலோ கல்லில் பொந்தைச் சுற்றிய ஓட்டின் தடித்த பக்கம் மேலே வர வேண்டும், கலவை நிற்க இடம் கிடைக்கும். கீழ்க் கல்லின் சந்து மேல் கல்லின் நடுவில் வர வேண்டும். செங்குத்துச் சந்தை மேலே இருந்து கலவை தள்ளி நிரப்பினால் உள்ளே ஓட்டையாகவே இருக்கும், கல்லை வைக்கும் முன்பே அதன் பக்க முனையில் கலவை அப்பி வைக்க வேண்டும். வைத்த கல்லை ஐந்து நிமிடம் கழித்து தட்டி நேராக்காதீர்கள், பிடிப்பு போய்விடும். எடுத்துவிட்டு புதுக் கலவையில் வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம், தூக்குக் குண்டு. ஒரு நாளைக்கு ஐந்து வரிசைக்கு மேல் வேண்டாம், 8 அங்குல சாலிட் கல் ஒன்றே 30 கிலோவை ஒட்டி வரும், பச்சைக் கலவை அந்தக் கனத்தில் பிதுங்கும்.

தூணை முன்னாலேயே முழு உயரத்துக்கு நிறுத்திவிட்டு நடுவே கல்லைச் செருகுவதை விட, கல்லைப் பல் விட்டு (ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை முனையை முன்னால் நீட்டி) கட்டிக்கொண்டு போய் அப்புறம் தூணுக்குக் கான்கிரீட் ஊற்றுவது நல்ல பிடிப்பு தரும். இரண்டு வரிசைக்கு ஒரு முறை தூணிலிருந்து 6 மி.மீ. கம்பியை இருபுறமும் இரண்டடி நீட்டி படுக்கைச் சந்தில் புதைத்துவிடுங்கள்.

நீளமான சுவர் எப்படியும் எங்காவது விரியும். எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்: இருபது அடிக்கு ஒரு முறை, இரண்டு தூண்களை அருகருகே நிறுத்தி, நடுவே அரை அங்குல தெர்மாகோல் வைத்து, சுவரை மேலிருந்து பெல்ட் வரை முழுசாகப் பிரித்துவிடுங்கள். பூச்சும் அந்த இடத்தில் தொடரக் கூடாது. வெளியே சீலன்ட் அடித்தால் பார்வைக்கு ஒரு கோடு மட்டும் தெரியும்.

தூணே இல்லாமல் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: காற்று குறைந்த இடத்தில் கனத்தின் பத்து மடங்கு உயரம் வரைதான், புயல் வரும் கரையோரத்தில் அது நாலைந்து மடங்காகச் சுருங்கிவிடும். 6 அங்குலக் கல்லுக்கு நாகை, கடலூர் பக்கம் இரண்டு இரண்டரை அடி. ஆகவே தூண் வைத்தே கட்டுங்கள்.

உச்சியில் 2 அங்குல கான்கிரீட் தொப்பி, இரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே நீட்டி, அடியில் ஒரு காடி இழுத்துவிட்டால் மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். ஹாலோ கல்லின் கடைசி வரிசையை நிரப்பாமல் விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கித் தங்கும். கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் சந்து நனையும் அளவுக்குத் தெளித்தால் போதும், ஹோஸ் வைத்துக் குளிப்பாட்ட வேண்டாம்.

ஒரு பக்கம் மண் நிரப்பினால்

மனையை உயர்த்துகிறோம் என்று சுவரின் உள்பக்கம் மூன்றடி மண் கொட்டுவது வாடிக்கையாகிவிட்டது. சுற்றுச்சுவர் என்று கட்டியது அந்த நிமிடத்திலிருந்து மண் தாங்கும் சுவராகிவிடுகிறது, அதற்காக அது கட்டப்படவில்லை. பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் அரை டன் தள்ளும், மண் தள்ளுவது தனி. இரண்டடிக்கு மேல் மண் நிற்கப் போகிறது என்றால் கல் சுவரை மறந்துவிட்டுப் பொறியாளரிடம் கான்கிரீட் தாங்குசுவர் வரைந்து வாங்குங்கள். இரண்டடிக்குள் என்றாலும் ஐந்தடிக்கு ஒரு 3 அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சாய்வாக, பின்னால் ஒன்றரை அங்குல ஜல்லி ஒரு கூடை. குழாய் வாய் அடைந்திருக்கிறதா என்று புரட்டாசியில் ஒரு தடவை பாருங்கள்.

விரிசலைப் பூசுவதற்கு முன்

விரிசல் தெரிந்ததும் சிமென்ட் பால் ஊற்றிப் பட்டி போட்டு மூடுவதால் பயன் இல்லை. அது எதனால் வந்தது, இன்னும் அசைகிறதா, இந்த இரண்டும் தெரிய வேண்டும்.

சந்து வழியே படிப்படியாக ஏறும் விரிசல் என்றால் கடைக்கால் இறங்கியிருக்கிறது அல்லது மண் தூக்கியிருக்கிறது. மேலே அகலமாக, கீழே மெல்லிசாக இருந்தால் ஒரு முனை கீழே போயிருக்கிறது அல்லது நடுவில் மண் தூக்கியிருக்கிறது. நேர்செங்குத்தாக, ஏறக்குறைய சம இடைவெளியில் வந்தால் கல் சுருங்கியது, பிரிவு விடாததன் பலன், ஆபத்து குறைவு. படுக்கைவாட்டில் ஒரே சந்தில் நீளமாக ஓடி, சுவர் அந்த இடத்தில் வெளியே தள்ளியிருந்தால் பின்னால் மண்ணோ தண்ணீரோ அழுத்துகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். தூணில் கம்பிக்கு நேராகச் செங்குத்து விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் துரு.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டுங்கள், சுவர் அசைந்தால் அது உடையும். ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். கோடையில் அகன்று மழையில் மூடிக்கொண்டால் கரிசலின் வேலை என்பது உறுதி. 5 மி.மீ. தாண்டியும் வளர்ந்துகொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பழுது பார்ப்பது

அசைவு நின்றுவிட்ட சந்து விரிசலுக்கு: சந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள், தூசியை பிரஷால் தட்டி, லேசாக நனைத்து, 1:6 கலவையை இரண்டு தடவையாக அமுக்கி நிரப்புங்கள். விரிசல் நாலைந்து வரிசையைக் கடந்து போயிருந்தால் தையல் போட வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒரு படுக்கைச் சந்தை விரிசலுக்கு இருபுறமும் ஒன்றரையடி நீளத்துக்குச் சுரண்டி, 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருங்காத கிரௌட்டில் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவை) புதைத்து மூடுங்கள். சாதாரணக் கம்பி வைத்தால் சில வருடத்தில் துருவே அந்தச் சந்தைப் பிளக்கும்.

உடைந்த கல்லை மாற்ற, சுற்றியுள்ள சந்தை உளியால் எடுத்துவிட்டு, கல்லை நடுவிலிருந்து வெளிப்புறமாக உடைத்து எடுங்கள். சம்மட்டியால் அடித்தால் பக்கத்துக் கல்லும் போகும். புதுக் கல்லின் தலைமேல் சந்தில் கெட்டியான, உருண்டை பிடிக்கும் அளவு ஈரமுள்ள கலவையைக் குச்சியால் இடித்து நிரப்புங்கள், அங்கே இடைவெளி இருந்தால் மேல் கனம் அந்தக் கல்லுக்கு வராது.

துருப்பிடித்த தூணில் உதிரும் கான்கிரீட் முழுவதையும், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் வரை கொத்தி எடுங்கள். கம்பியைக் கம்பி பிரஷால் பளபளப்பாகத் தேய்த்து, கனம் கால்வாசி போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துரு தடுக்கும் பூச்சு, பிறகு மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி போட்ட கான்கிரீட்). மேலே மட்டும் பூசி மூடினால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

கடைக்கால் இறங்கியிருந்தால், சுவர் சாய்ந்திருந்தால்

முதலில் தண்ணீரைத் தேடுங்கள். உடைந்த கழிவுநீர்க் குழாய், சுவரை ஒட்டிய உறிஞ்சுகுழி, மொட்டை மாடித் தண்ணீர் ஒரே இடத்தில் விழுவது, எலி வளை. பாதிக்கு மேல் இதில் ஒன்றாகத்தான் இருக்கும். கரிசலில் சுவரை ஒட்டிய பெரிய வேம்பு, புங்கையும் காரணம், கோடையில் அதன் வேர் மண்ணை உறிஞ்சிச் சுருக்கும். காரணத்தை நிறுத்திவிட்டு கடைக்காலுக்கு அடியில் கான்கிரீட் கொடுக்கலாம். சுவருக்கு முட்டுக் கொடுத்து, மூன்றரை அடிக்கு மேல் போகாத துண்டுகளாகப் பிரித்து எண் போடுங்கள். ஒன்றைத் தோண்டி கான்கிரீட் போட்டால் அடுத்தது நான்காவது, அப்புறம் இரண்டாவது, ஐந்தாவது, மூன்றாவது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் குழிக்குள் உட்கார்ந்துவிடும், ஆளும் உள்ளே இருப்பார். புதுக் கான்கிரீட்டுக்கும் பழைய கடைக்காலுக்கும் நடுவே 2 அங்குலம் விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து 1:3 கெட்டிக் கலவையை இடித்து நிரப்புங்கள்.

சாய்வுக்கு ஒரு கணக்கு. உச்சியிலிருந்து தூக்குக் குண்டு விட்டு அடியில் எவ்வளவு விலகல் என்று அளந்து பாருங்கள். சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கனம் இறங்கும் கோடு சுவரின் நடு மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே போய்விடும், ஒரு பக்கச் சந்துகள் திறக்கத் தொடங்கும். 6 அங்குலச் சுவருக்கு அது 2 அங்குலம்தான். அதற்கு மேல் போன சுவரை ஜாக்கி வைத்து நிமிர்த்த யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாயும் பக்கம் கயிறு கட்டி யாரையும் போகவிடாமல், பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கழற்றுங்கள். 1:6 கலவை என்றால் கல் முழுசாகவே வரும், சுத்தியால் கலவையைத் தட்டிவிட்டு மறுபடி கட்டலாம். மூலை உடைந்ததையும் பிளந்ததையும் கட்டுக்கு எடுக்காமல் தள்ளி வையுங்கள், நடைபாதை அடியில் இடித்துப் போட உதவும்.